"ஐடியா எப்படி இருக்கு ப்ரோ?" – கேட்காமலே வர்ற கேள்விக்கு நாம என்ன பதில் சொல்லணும்?



சொந்தங்களே, இன்னைக்கு விரத முறையோ பாராயணப் பலனோ எழுதல. நம்ம போனுக்கு அடிக்கடி வர்ற ஒரு மெசேஜைப் பத்தித்தான் எழுதறேன்.

"ப்ரோ, ஒரு பிசினஸ் ஐடியா இருக்கு. பார்த்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

ஐடி வேலையில இருக்கறவங்களுக்கு இது கொஞ்சம் அதிகமாவே வரும். கம்ப்யூட்டர் தெரிஞ்சவனுக்குக் கடை நடத்தவும் தெரியும்னு எப்படியோ ஒரு நம்பிக்கை. கல்யாணப் பந்தியில சாம்பார் ஊத்துற நேரத்துல பக்கத்து இலைக்காரர் ஆரம்பிப்பார். கிருத்திகை அன்னைக்கு வடபழனியில வரிசையில நிக்கும்போது, பின்னாடி நிக்கறவர் நம்ம ஐடி கார்டு கயிறைப் பார்த்துட்டு ஆரம்பிப்பார். ராத்திரி 11 மணிக்கு 14 ஸ்லைடு பிபிடி வந்து விழும். நாம யாரும் 'இங்கே ஆலோசனை சொல்லப்படும்'னு போர்டு மாட்டல. ஆனா கேள்வி வந்துடுச்சு, ரெண்டு நீல டிக்கும் விழுந்துடுச்சு. இப்ப என்ன பண்றது?

பெரும்பாலும் நாம பண்றது ஒண்ணுதான். "சூப்பர் ப்ரோ, கலக்குங்க. முருகன் துணை இருப்பார்." ஒரு தீ எமோஜி, ஒரு மயில் எமோஜி. முடிஞ்சது.

இந்த 'சூப்பர்' பொய்யா, இல்லையா? இதுதான் எனக்கு ரொம்ப நாளா இருக்கற கேள்வி. கேட்டா எல்லாரும் சொல்ற பதில், "அவன் ஆசையா வந்து சொல்றான், எதுக்கு மனசை உடைக்கணும்?" கொஞ்சம் படிச்சவங்களா இருந்தா வள்ளுவரையும் துணைக்குக் கூப்பிடுவாங்க. வாய்மை அதிகாரத்துல 292-வது குறள், நன்மை தரும்னா பொய்யும் வாய்மை இடத்துல வைக்கத்தக்கதுன்னு சொல்லுதேன்னு.

அந்தக் குறளை நானும் பலமுறை படிச்சிருக்கேன். வெறும் நன்மைன்னு சொல்லி வள்ளுவர் நிறுத்தல. குற்றம் ஒண்ணும் கலக்காத நன்மையா இருக்கணும்னு ஒரு கண்டிஷன் வைக்கிறார். நம்ம 'சூப்பர்' அந்தக் கண்டிஷனைத் தாண்டுமா? அந்த ஒரு வார்த்தையால உடனடியா யாருக்கு நன்மை? எனக்குத்தான். பேச்சு சீக்கிரம் முடியுது, நல்லவன்னு பேர் வருது, தூங்கப் போயிடலாம். ஆறு மாசம் கழிச்சு அதுக்கான காசைக் கட்டப்போறது வேற ஒருத்தர். பல நேரம் கேட்டவர்கூட இல்ல, அவங்க அம்மா. இந்தப் பொய்யை எந்தக் கணக்குல வாய்மைப் பக்கம் சேர்க்கிறதுன்னு எனக்குத் தெரியல.

சரி, அப்போ உண்மையை மூஞ்சிக்கு நேரா போட்டு உடைச்சிடலாமா? அப்படிப் பண்றவங்களும் இருக்காங்க, முக்கியமா எங்க துறையில. கோட் ரிவ்யூல பழகின கை. யார் எதைக் கொண்டு வந்தாலும் மூணே கேள்வியில அதைக் கிழிச்சுத் தொங்கவிடறதுல ஒரு சந்தோஷம் இருக்கு. "நான் ஒளிவு மறைவு இல்லாம பேசறவன்"னு அதுக்கு ஒரு பேரும் வச்சுக்குவாங்க.

அருணகிரிநாதர் வரலாறு தெரிஞ்சவங்களுக்கு வில்லிபுத்தூரார் கதை ஞாபகம் வரும். மகாபாரதத்தைத் தமிழ்ல பாடின பெரும் புலவர். புலவர்களை வாதத்துக்கு இழுத்து, தோத்தவங்க காதை அறுப்பாராம். அதுக்குன்னே கையில ஒரு துறட்டி வச்சிருந்தார்னு சொல்வாங்க. அவருக்குத் தமிழ் தெரியாம இல்ல. அவர் கண்டுபிடிச்ச குற்றங்களும் உண்மையான குற்றங்களாத்தான் இருந்திருக்கும். ஆனா காது போனவன் அப்புறம் எதை வச்சு நல்ல தமிழைக் கேப்பான்? அருணகிரியார் கந்தர் அந்தாதி பாட, வில்லிபுத்தூரார் ஒவ்வொரு பாட்டுக்கா அர்த்தம் சொல்லிக்கிட்டே வந்தார். தகர வரிசை எழுத்துகளை மட்டுமே வச்சுப் பாடின 54-வது பாட்டுல மாட்டிக்கிட்டார். பந்தயப்படி இப்ப அவர் காது போகணும். அருணகிரியார் அறுக்கல. பாட்டுக்கு அர்த்தத்தையும் தானே சொல்லி, இனிமே இந்தப் பழக்கம் வேண்டாம்னு மட்டும் கேட்டுக்கிட்டார். கருணைக்கு அருணகிரின்னு சொல்றது இதனாலதான்.

நம்ம ஆபீஸ்ல, நம்ம குரூப்ல துறட்டி வச்சுக்கிட்டு சுத்தறவங்க யாருன்னு உங்களுக்கே தெரியும். ஒருத்தர் முதன்முதலா ஒரு யோசனையை எடுத்துட்டு வர்றார். நாலு பேர் முன்னாடி சிரிக்கிறோம். அடுத்த தடவை அவர் யார்கிட்டயும் கேட்கமாட்டார், கேட்காமலே செஞ்சுடுவார். காது அறுபடறதுன்னு நான் இதைத்தான் நினைக்கிறேன்.

'சூப்பர்'ரும் இல்ல, துறட்டியும் இல்லன்னா வேற என்ன வழி? இதுக்கு நம்ம முருகனே காட்டின வழி ஒண்ணு இருக்குன்னு நினைக்கிறேன். காஞ்சிபுரம் குமரகோட்டத்துக்குப் போயிருக்கீங்களா? கந்தபுராணம் அரங்கேறின இடம். அந்தக் கோயில் அர்ச்சகர் கச்சியப்ப சிவாச்சாரியார். ஒரு நாளைக்கு 100 பாட்டு எழுதி, ராத்திரி ஏட்டை சந்நிதியில வச்சுட்டு நடை சாத்திட்டுப் போவாராம். காலையில வந்து பார்த்தா திருத்தம் இருக்கும். முருகனே திருத்தி வச்சிருப்பார். இப்படியே 10,000 பாட்டுக்கு மேல போச்சு.

இந்தக் கதையைச் சின்ன வயசுல கேட்டப்போ சாமி எழுதினாரா, எந்தப் பேனாவுலன்னுதான் யோசிச்சேன். இப்ப வேற சில விஷயங்கள் கண்ணுல படுது. திருத்தம் நடந்தது ராத்திரியில, யாரும் இல்லாத சந்நிதியில. மறுநாள் காலையில அதைப் பார்த்தது எழுதினவர் மட்டும்தான். நூலைத் தூக்கிப் போட்டுட்டு நானே எழுதறேன்னு முருகன் சொல்லல. எழுதினவர் கச்சியப்பர்தான், திருத்தம் மட்டும் அவரோடது.

அப்புறம் அரங்கேற்றம். பிள்ளையார் வணக்கப் பாட்டு, முதல் சொல்லிலேயே ஒரு புலவர் எழுந்து தடுத்தார். ழகர ஒற்றும் தகரமும் சேர்ந்து டகரமா மாறுறதுக்கு எந்த இலக்கணத்துல விதி இருக்குன்னு கேட்டார். அந்த அடியை எடுத்துக் கொடுத்ததே முருகன்தான். ஆனா சபையில நின்னு பதில் சொல்ல முடியாம தவிச்சது கச்சியப்பர். மறுநாள் சோழ நாட்டுலேர்ந்து ஒரு புலவர் வந்தார், கையில வீரசோழியம் இருந்தது. இதோ விதின்னு சந்திப் படலத்தைக் காட்டினார். அப்புறம் அவரைக் காணோம். வந்தது யாருன்னு எல்லாருக்கும் புரிஞ்சது.

தனியா இருக்கும்போது குற்றத்தைத் திருத்தினவர், ஊர் முன்னாடி ஆதாரத்தோட பக்கத்துல வந்து நின்னார். நாம பண்றது பல நேரம் இதுக்கு நேர்மாறு. குரூப்ல எல்லார் முன்னாடியும் "இது வேலைக்கு ஆகாது"ன்னு கிண்டல் பண்ணிட்டு, தனியா வந்து கேட்டா "சும்மா சொன்னேன் ப்ரோ, நல்லா பண்ணுங்க".

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். முருகனுக்கு எல்லாம் தெரியும், திருத்தினார். எனக்கு என்ன தெரியும்? ஒருத்தரோட ஐடியா ஓடுமா ஓடாதான்னு சொல்ல நான் யார்?

உண்மைதான், தெரியாது. இந்த விஷயத்துல எனக்கு வந்த தெளிவே இதுதான். ஐடியா நல்லதா கெட்டதான்னு நான் சொல்ற தீர்ப்புக்கு மதிப்பே இல்ல. ராப் ஃபிட்ஸ்பாட்ரிக்னு ஒருத்தர் 2013-ல 'தி மாம் டெஸ்ட்'னு ஒரு புத்தகம் எழுதினார், ஸ்டார்ட்அப் ஆளுங்க நிறைய பேர் படிச்சிருப்பீங்க. அவர் சொல்றதும் ஏறக்குறைய இதுதான்: என் ஐடியா எப்படின்னு கேட்டா அம்மா பொய்தான் சொல்வாங்க, அதனால அபிப்பிராயம் கேட்காதீங்க, நடந்ததைக் கேளுங்க. அது கேட்கிறவனுக்குச் சொன்ன பாடம். பதில் சொல்ற நமக்கும் அதுல ஒரு பாதி இருக்கு. எனக்குத் தெரிஞ்ச நடப்பு எது, என் அபிப்பிராயம் எதுன்னு நான் பிரிச்சுச் சொல்லணும். அதுக்கும் முன்னாடி இன்னொண்ணைத் தெரிஞ்சுக்கணும்: இதுல என்ன அடமானம் போகுது?

எங்க பாதயாத்திரைக் குழுவுல ஒரு தம்பி இருக்கான். வயசு 23 இருக்கும், படிச்சு முடிச்சு சென்னையில ஒரு சின்ன வேலை. ஒருநாள் ராத்திரி, மேல சொன்னேனே, அந்த 14 ஸ்லைடு, அது அவன் அனுப்பினதுதான். பஞ்சாமிர்தம் செஞ்சு தமிழ்நாடு முழுக்க கூரியர்ல அனுப்பற திட்டம். 'பழனி பஞ்சாமிர்தம், இனி உங்கள் வீட்டு வாசலில்'னு முதல் ஸ்லைடு. ஆர்டர் எடுக்கற ஆப்பை நான் பார்த்துச் சொல்லணுமாம். 13-வது ஸ்லைடுல சின்ன எழுத்துல 'முதலீடு 3 லட்சம்'. எங்கேர்ந்து வருதுன்னு போன் பண்ணிக் கேட்டேன்.

"அம்மா நகை 7 பவுன் இருக்குண்ணா. அம்மா ஓகே சொல்லிட்டாங்க."

அதுக்கப்புறம் ஆப்பைப் பத்தி எதுவும் பேசல. அவன் கணக்கை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்தோம். அரைக் கிலோ பாட்டில் 249 ரூபாய், டெலிவரி இலவசம். விருப்பாச்சி வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், தேன், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய் எல்லாம் சேர்த்து ஒரு பாட்டிலுக்கு 110 ரூபாய்னு போட்டிருந்தான். பாட்டிலும் பெட்டியும் 35. பேமென்ட் கேட்வேக்கு 5. கூரியர் 30.

"கூரியர் 30 ரூபாய்னு எப்படி தம்பி வந்துச்சு?"

"ஒரு தோராயமா போட்டேண்ணா."

"ஒண்ணே ஒண்ணு எங்க வீட்டுக்கு அனுப்பிப் பாரேன்."

அனுப்பினான். கூரியர் பில் 80 ரூபாய். மூடி ஓரத்துல நெய் கசிஞ்சு, பெட்டி எறும்போட வந்து சேர்ந்துச்சு. பஞ்சாமிர்தம் என்னமோ அருமையா இருந்துச்சு, அதையும் சொன்னேன். 110, 35, 5, 80. கழிச்சா ஒரு பாட்டிலுக்கு 19 ரூபாய் நிக்குது. 3 லட்சத்துக்கு வருஷம் 12 சதவீத வட்டின்னாலும் மாசம் 3,000. வட்டியை மட்டும் கட்டவே மாசம் 158 பாட்டில் விக்கணும். அவன் சம்பளம் அதுல கிடையாது, உடைஞ்சு போற பாட்டில் கிடையாது.

இன்னொண்ணும் எனக்கு உறுதியாத் தெரிஞ்சிருந்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019-லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. சென்னையில ஒரு சமையலறையில செஞ்சுட்டு லேபிள்ல அந்தப் பேரைப் போட முடியாது. சட்டத்தை விடுங்க, தண்டாயுதபாணிக்கு அபிஷேகம் ஆகிற பொருளோட பேரை எடுத்து நம்ம பாட்டில்ல ஒட்டறது ஒரு அடியாருக்கு சரியான்னும் கேட்டேன். வீட்டுல செஞ்சு வித்தாலும் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு வேணும், அதையும் சொன்னேன். இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்ச நடப்பு. ஜனங்க வாங்குவாங்களா, இவன் இதுல பெரிய ஆளா வருவானா, அதெல்லாம் எனக்குத் தெரியாதுன்னும் சேர்த்தே சொன்னேன்.

கொஞ்ச நேரம் அமைதியா இருந்தான். அப்புறம் சொன்னான் பாருங்க, அதுதான் நம்ம மாதிரி ஆளுங்களுக்குப் பெரிய சிக்கல்.

"அண்ணா, பூ கேட்டேன். வெள்ளைப் பூ வந்துச்சு. முருகனே உத்தரவு கொடுத்துட்டார். இதுக்கு மேல கணக்கு என்ன இருக்கு?"

நாத்திகரா இருந்தா இங்கே சிரிச்சுட்டுப் போயிடுவார். நம்மால சிரிக்க முடியாது, நமக்கும் அதே நம்பிக்கைதான். வேலை மாறினப்போ நானும் பூ கேட்டவன்தான். அடியார் ஒருத்தர் "முருகன் சொல்லிட்டார்"னு சொல்லும்போது, எதிர்ல நிக்கற இன்னொரு அடியாருக்கு வாய் தானா மூடிக்கும். மீறிப் பேசினா சாமி வாக்கையே எதிர்க்கிற மாதிரி ஆயிடுமோன்னு ஒரு பயம். குரூப்ல இதைப் பல தடவை பார்த்திருக்கேன். கனவுல வந்தார், மயில் குறுக்கே போச்சு, திறந்தவுடனே இந்தப் பாட்டு வந்துச்சுன்னு ஒருத்தர் சொல்லிட்டா அதுக்கப்புறம் எல்லாரும் அரோகராதான், யாரும் கேள்வி கேட்கமாட்டாங்க.

அப்போ எனக்கு சிவன்மலை ஞாபகம் வந்தது. காங்கேயம் பக்கத்துல இருக்கற நம்ம சிவன்மலை ஆண்டவர் கோயில்ல உத்தரவுப் பெட்டி இருக்கறது எல்லாருக்கும் தெரியும். ஒரு பக்தர் கனவுல முருகன் வந்து, இன்ன பொருளைப் பெட்டியில வைன்னு உத்தரவு கொடுப்பார். அந்தப் பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சுப் பூஜை பண்ணுவாங்க, அடுத்த உத்தரவு வர்ற வரைக்கும் அதுதான் இருக்கும். ஆனா கனவு கண்டவர் வந்து சொன்ன உடனே கோயில்ல பொருளைத் தூக்கி உள்ளே வச்சுடறதில்ல. சாமி முன்னாடி பூ கேட்பாங்க. வெள்ளைப் பூ வந்தாத்தான் வைப்பாங்க. யோசிச்சுப் பாருங்க, ஆண்டவன் உத்தரவுக்குன்னே பேர் போன சந்நிதியில, ஒருத்தருக்கு உத்தரவு வந்துச்சுங்கற பேச்சையே சரிபார்த்துத்தான் எடுத்துக்கறாங்க. அதை யாரும் அவநம்பிக்கைன்னு சொல்றதில்ல. சொன்னவர் பொய்யர்னும் நினைக்கறதில்ல. கேட்டவன் காதுல தப்பு இருக்கலாம், அவ்வளவுதான்.

அதனால தம்பிகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "பூ கேட்டப்போ மனசுல என்ன கேட்டே?"

"இந்தத் தொழில் தொடங்கலாமான்னு."

"அம்மா நகையை வச்சுத் தொடங்கலாமான்னு கேட்டியா?"

பதில் வரல. வெள்ளைப் பூ பொய்னு நான் சொல்லல, இப்பவும் சொல்லமாட்டேன். தொடங்கலாம்னு உத்தரவு வந்திருக்கு, சரி. எத்தனை பாட்டில்ல தொடங்கறது, யார் காசுல தொடங்கறது, கூரியருக்கு எவ்வளவு, இதெல்லாம் பூவுல எழுதி வராது. அது நம்ம கைக்கு விட்ட வேலை. கச்சியப்பருக்கு முதல் அடியைத்தான் எடுத்துக் கொடுத்தார். மிச்சம் 10,000 பாட்டையும் அவர்தான் உட்கார்ந்து எழுதினார், ஒரு நாளைக்கு நூறு நூறா.

தம்பி ரெண்டு வாரம் என்கிட்ட பேசல. கோவம்தான். அப்புறம் ஒருநாள் மெசேஜ் வந்தது. பேரை மாத்திட்டான், கூரியரை விட்டுட்டு அவன் ஏரியாவுல மட்டும் கிருத்திகைக்கு முன்பதிவு எடுத்து 20 பாட்டில் கொடுத்திருக்கான். ஆனா நகையில ரெண்டு பவுனை வச்சுட்டான். வேண்டாம்னுதான் நான் சொன்னேன். அது அவங்க வீட்டு முடிவு. நான் சொன்னதைக் கேட்டே ஆகணும்னா அப்புறம் அது ஆலோசனை இல்ல, அதிகாரம். அந்தத் தொழில் நிக்குமா நிக்காதான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது.

ஒரு தம்பிக்கு இத்தனை மணி நேரம் சரி. வர்ற எல்லாருக்கும் இப்படி உட்கார முடியுமா? முடியாது, கடமையும் இல்லன்னுதான் நினைக்கிறேன். ஒரே மெசேஜை நாப்பது பேருக்கு ஃபார்வர்ட் பண்ணினவருக்கு நான் எதுவும் கடன்பட்டிருக்கல. "முதல்ல ரகசிய ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுங்க, அப்புறம்தான் ஐடியாவைச் சொல்வேன்"னு ஒருத்தர் வந்தார், கும்பிடு போட்டு அனுப்பிட்டேன். "ஐடியா என்னுது, கோடிங் உங்களுது, பத்து பர்சென்ட் ஷேர்"னு வர்றவர் கருத்துக் கேட்கல, சம்பளம் இல்லாம ஆள் எடுக்கறார்.

ஆனா தெரிஞ்சவங்க கேட்டா ஒரு பதில் கடன் இருக்கு. முழு அலசல் கடன் இல்ல, பதில் மட்டும். "இந்த மாசம் என்னால பார்க்க முடியாது" என்பதும் பதில்தான், "இந்தத் துறை எனக்குச் சுத்தமா தெரியாது, என்கிட்ட கேட்காதீங்க" என்பதும் பதில்தான். பார்க்காமலே 'சூப்பர்' போடறதைவிடவும், பார்த்துட்டு ஊமையா இருக்கறதைவிடவும் இது எவ்வளவோ மேல். சும்மா இருக்கறதும் ஒரு பதிலாத்தான் போய்ச் சேரும். "அண்ணன் பார்த்தார், ஒண்ணும் சொல்லல, அப்போ நல்லாத்தான் இருக்கு"ன்னு எடுத்துக்கிட்டவங்களை நான் பார்த்திருக்கேன். ஒரே ஒரு இடத்துல மட்டும் நேரம் இல்லன்னு சொல்ல எனக்கு மனசு வராது. வீடு, நகை, பி.எஃப். பணம், படிப்பை விடறது, இதுல ஏதாவது ஒண்ணு அடமானத்துல இருக்குன்னு தெரிஞ்சா அன்னைக்கு ராத்திரி தூக்கம் போனாலும் பரவாயில்ல.

கேட்கிறவங்க நம்மளைவிடப் பெரியவங்களா இருந்தா இது இன்னும் கஷ்டம். தம்பிகிட்ட "கூரியர் எவ்வளவு"ன்னு கேட்கலாம். மாமாகிட்ட எப்படிக் கேட்கிறது? சித்தப்பா முன்னாடி கணக்கு நோட்டைப் பிரிச்சு வச்சு "இது தப்பு"ன்னு சொன்னா, அடுத்த பொங்கலுக்கு அந்த வீட்டுக்கு எப்படிப் போறது?

சுவாமிமலை நமக்குத் தெரிஞ்ச கதைதான். பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரம்மனைச் சிறையில போட்ட பிள்ளைகிட்ட, உனக்குத் தெரியுமான்னு அப்பா கேட்கிறார். தெரியும், ஆனா சிஷ்யனா இருந்து கேட்டாத்தான் சொல்வேன்னு பிள்ளை சொல்றார். ஈசனும் பணிஞ்சு கேட்டார். எல்லாரும் இதுல பிள்ளையோட பெருமையைத்தான் பேசறோம். எனக்கு அந்த அப்பாவைப் பார்த்தாத்தான் ஆச்சரியமா இருக்கு. பிள்ளைகிட்ட கேட்கணும்னு அவருக்குத் தோணுச்சு, கேட்கிறதுக்குத் தலையைக் குனியவும் முடிஞ்சது. பிள்ளையும் தேவர் கூட்டத்துக்கு நடுவுல நின்னு உரக்கச் சொல்லல. காதுல சொன்னார். அப்பாவுக்குத் தெரியாததைப் பிள்ளை சொன்னார்ங்கறது உலகத்துக்கே தெரியும், சொன்னது என்னன்னு அந்தக் காதுக்கு மட்டும்தான் தெரியும்.

போன மாசம் என் மாமா ஒருத்தர் ரிட்டயர் ஆனார். வந்த பணத்துல பெரும்பகுதியைப் போட்டு டீக்கடை ஃபிரான்சைஸ் எடுக்கப்போறார். ஏஜென்ட் கொடுத்த தாளைக் காட்டினார், ஒரு நாளைக்கு 600 டீ போகும்னு இருக்கு. ஒரு குடும்ப விசேஷத்துல, அத்தனை பேர் நடுவுல, "என்ன மாப்ள, நீ கம்ப்யூட்டர் படிச்சவன், எப்படி இருக்கு சொல்லு"ன்னார். எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்தாங்க. கடை 14 மணி நேரம் திறந்திருந்தா மணிக்கு 43 டீ, ஏறக்குறைய ஒன்றரை நிமிஷத்துக்கு ஒரு டீ, காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் இடைவெளியே இல்லாம. மனசுக்குள்ள கணக்கு ஓடிடுச்சு. அங்கே வச்சுச் சொல்லல. நல்லா இருக்குன்னும் சொல்லல.

சாப்பிட்டு முடிச்சு அவர் வெளியில வந்து தனியா நின்னப்போ பக்கத்துல போனேன். "மாமா, அந்தத் தாளை எடுத்துட்டு ஒருநாள் வாங்க. ஏற்கெனவே அந்த ஃபிரான்சைஸ் கடை நடக்கற ஒரு இடத்துக்குப் போய், எதிர்ல உட்கார்ந்து காலையில ஆறு மணிலேர்ந்து எத்தனை டீ போகுதுன்னு எண்ணலாம். நானும் வர்றேன்."

"டீயை உட்கார்ந்து எண்ணணுமாடா?"ன்னு சிரிச்சார். அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, "சரி, வர்ற ஞாயித்துக்கிழமை பார்ப்போம், அட்வான்ஸ் அதுக்கப்புறம் கொடுத்துக்கலாம்"னார்.

இந்த ஞாயித்துக்கிழமை காலையில அலாரம் அஞ்சு மணிக்கு வச்சிருக்கேன்.

வேலும் மயிலும் துணை.